தானாக முளைத்த மரக்கன்றைத் தாய்மண்ணோடு பெயர்த்து நடுவது: முழுமையான வழிகாட்டி

என் நிலத்து வேலியோரம் இரண்டு புங்கன் கன்றுகள் தானாக முளைத்து நின்றன. ஒன்று என் தலையைத் தாண்டி வளர்ந்திருந்தது, மற்றது முழங்கால் உயரம். பெரியதை ஆசை ஆசையாகத் தோண்டி, நாலு பேர் சேர்ந்து தூக்கி, நிழல் வேண்டிய இடத்தில் நட்டோம். சின்னது வேலி வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் போகிற போக்கில் பெயர்த்து ஒரு மூலையில் வைத்தேன். பெரியது முதல் ஆண்டு முழுக்க இலையை உதிர்ப்பதும் நாலு துளிர் விடுவதுமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. இரண்டாம் ஆண்டு அதன் உச்சி பட்டுப்போனது. மூலையில் நட்ட சின்னது நாலாவது மழைக்காலத்தில் அதைவிட உயரமாக நின்றது.

பெரிய கன்றாகப் பார்த்துப் பெயர்த்தால் சில ஆண்டுகள் மிச்சம் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில் வேரைச் சேர்ப்பதில்லை. இந்த வழிகாட்டி முழுக்க வேரையும், அதைப் பிடித்தபடி கூடவே வரும் மண் உருண்டையான தாய்மண்ணையும் பற்றியதுதான். தண்டும் இலையும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

நாற்றங்காலில் வளர்த்த கன்றுக்கும் காட்டுக்கன்றுக்கும் அடிப்படையான வித்தியாசம் ஒன்று உண்டு. நாற்றங்காலில் பையை இடம் மாற்றியும் வேரை நறுக்கியும் வளர்ப்பதால் சல்லிவேர்கள் தண்டை ஒட்டித் திரண்டிருக்கும். தானாக முளைத்ததை யாரும் தொட்டதில்லை. அதன் வேர் தண்ணீரைத் தேடிப் போன போக்கில் போயிருக்கும். மரத்தின் வேர்கள் கிளைப் பரப்பைத் தாண்டி இரண்டு மூன்று மடங்கு தூரம்கூட ஓடும். தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி இருப்பது மேல்மண்ணின் 30 முதல் 45 செ.மீ. ஆழத்துக்குள். அதாவது, மண்வெட்டி போடும் வட்டத்துக்கு வெளியேதான் கன்றின் வாய்கள் எல்லாம் இருக்கின்றன. எவ்வளவு பக்குவமாகத் தோண்டினாலும் உறிஞ்சும் வேரில் பெரும்பங்கு பழைய இடத்திலேயே தங்கிவிடும். கன்று சின்னதாக இருக்க இருக்க இந்த இழப்பு குறையும்.

எந்தக் கன்றை எடுப்பது?

மண்வெட்டியை எடுக்கும் முன் நிலத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தாய்மரத்தின் அடியில் கும்பலாக முளைத்துக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை நிழலிலும் நெருக்கடியிலும் எப்படியும் செத்துப்போகும். அவற்றில் சிலவற்றை எடுப்பதால் நிலத்துக்கு எந்த நட்டமும் இல்லை. ஆனால் கும்பலின் நடுவில் நிற்பதை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பதைப் பாருங்கள். நடுவில் உள்ளவற்றின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், ஒன்றை இழுத்தால் நாலு கையோடு வரும்.

நேரான ஒற்றைத் தண்டு, காயமில்லாத பட்டை, கடந்த பருவத்தில் நன்றாகத் துளிர்த்த அடையாளம் மூன்றும் இருந்தால் போதும். உயரத்தை வைத்து மட்டும் வயதை எடைபோடாதீர்கள். அடர்ந்த நிழலில் முளைத்த கன்று பல ஆண்டுகள் விரல் பருமனிலேயே நின்றிருக்கும். பார்க்கப் பிள்ளை போல இருந்தாலும் அதன் வேர் வெகுதூரம் போயிருக்கும். வெட்டவெளியில் நிற்பது குட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும், பெயர்க்க அதுவே தோது.

பருமன் என்று வந்தால், ஆளில்லாமல் தனியாகச் செய்பவருக்கு என் பரிந்துரை கட்டைவிரல் பருமனும் இடுப்புயரமும். அதற்கு மேல் போவது வீம்பு.

அடுத்து, அது விதையில் முளைத்ததா, வேரில் வெடித்ததா என்று பாருங்கள். சில மரங்கள் தம் பக்கவேரிலிருந்து கன்று விடும். வெளியே பார்த்தால் அச்சாக நாற்று மாதிரியே இருக்கும். அடித்தண்டைச் சுற்றி மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். தண்டு நேராகக் கீழே இறங்கி ஆணிவேராக மெலிந்தால் அது விதைக்கன்று. கிடையாக ஓடும் தடித்த வேரின் மேல் உட்கார்ந்திருந்தால் வேர்க்கன்று. அதற்குச் சொந்த வேர் மிகக் கொஞ்சம்தான், இத்தனை நாளும் தாய் கொடுத்ததில் வளர்ந்திருக்கிறது. அதை எடுத்தே ஆகவேண்டுமென்றால் தாய்வேரை இருபுறமும் வெட்டிவிட்டு, ஒரு பருவம் அங்கேயே நிற்கவிட்டு, சொந்த வேர் விட்ட பிறகு பெயர்க்க வேண்டும்.

எல்லா மரத்துக்கும் ஒரே குணம் கிடையாது. ஆலும் அரசும் மண்ணே இல்லாத சுவர் வெடிப்பில் முளைத்துப் பிழைப்பவை. வேரோடு பிய்த்து நட்டாலும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். கட்டடத்துக்கு அருகில் மட்டும் நடாதீர்கள். வேம்பு, நாவல், புங்கன் போன்றவை சிறு வயதில் இணங்கும், ஆணிவேர் ஆழமாக இறங்கிய பிறகு முரண்டு பிடிக்கும். குளிர் நாட்டு ஓக், வால்நட் வகைகளும் அப்படியே. பனையை மட்டும் தொட வேண்டாம். பனங்கொட்டையின் முளை முதலில் கீழ்நோக்கி இறங்கி, ஆழத்தில்தான் குருத்தை உண்டாக்கும். மேலே ஒற்றை ஓலை தெரிகிறது என்று தோண்ட ஆரம்பித்தால் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பனை வேண்டுமென்றால் விதையை நேரே ஊன்றுவதே முறை.

சந்தனம் இன்னொரு விதமான சிக்கல். அது பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பொருத்தி நீரும் சத்தும் எடுக்கும் பாதி ஒட்டுண்ணி. அதைத் தனியே பெயர்த்தால் சோற்றுப்பானையை விட்டுவிட்டு ஆளை மட்டும் கூட்டிவந்த கதைதான். பக்கத்தில் துணைச்செடி இல்லாமல் நட்டுப் பயனில்லை. சவுக்கு, பைன் போன்றவை வேரில் வாழும் நுண்ணுயிரையோ பூஞ்சையையோ நம்பி வளர்பவை. அவை ஏற்கெனவே நிற்கும் இடத்து மேல்மண்ணில் இரண்டு கை அள்ளி புதுக்குழியில் போட்டால் உதவும்.

சொந்த நிலம்தானே என்று இருந்துவிடக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. சில மரங்களைச் சொந்த நிலத்தில் வெட்டவோ பெயர்க்கவோகூடப் பல நாடுகளில் அனுமதி வேண்டும். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் கன்று உங்களுடையது மட்டும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்நிய மண்ணிலிருந்து வந்து மற்ற செடிகளை அமுக்கிப் பரவும் இனமாக இருந்தால் பெயர்த்து நடவே வேண்டாம், பிடுங்கிப் போட்டுவிடுங்கள்.

எந்தப் பருவத்தில்?

குளிரில் இலை உதிர்க்கும் மரங்களை, இலை உதிர்ந்த பிறகு மொட்டு வீங்கும் முன் எடுக்க வேண்டும். நிலம் உறைந்திருக்கும் வாரங்களை விட்டுவிடுங்கள். மழையை நம்பி வளரும் வெப்பநாட்டு மரங்களுக்கு, மண் நன்றாக நனைந்து இன்னும் பல வாரம் மழை மிச்சமிருக்கும் தொடக்க நாட்களே தக்க நேரம். மழை முடியும் தறுவாயில் நட்டால் வேர் ஊன்றும் முன்பே வறட்சி வந்துவிடும். கோடையில் இலை உதிர்க்கும் இனமாக இருந்தால், புதுத்துளிர் கிளம்பும் முன் எடுப்பதும் நல்லதே. இளந்துளிர் தளதளவென்று இருக்கும்போது மட்டும் தொடாதீர்கள். சேமித்த சத்தையெல்லாம் இலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் நேரம் அது.

மேகம் மூடிய நாளின் பிற்பகலில் நட்டால், வெயிலைப் பார்க்கும் முன் ஓர் இரவு ஓய்வு கிடைக்கும்.

ஒரு பருவம் முன்பே வேரை வெட்டுங்கள்

நான் சொல்வதில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். கட்டைவிரலைவிடப் பருத்த கன்றுக்கு இதைச் செய்யாமல் பெயர்ப்பது சூதாட்டம்.

வெட்டுப்பட்ட வேர் நுனியிலிருந்து புதிய சல்லிவேர்கள் கிளம்பும். இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். பெயர்ப்பதற்கு ஆறு மாதமோ ஓராண்டோ முன், அடித்தண்டைச் சுற்றி வட்டம் போட்டு, கூரான மண்வாரியைச் செங்குத்தாக இறக்கிப் பக்கவேர்களை அறுத்துவிடுங்கள். மண்ணைப் புரட்ட வேண்டாம், கத்தியால் கேக் வெட்டுவது போல இறக்கி எடுத்தால் போதும். வட்டம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டினால் கன்று திணறும். வட்டத்தை ஆறு பங்காக நினைத்து ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை இப்போதும், மிச்சத்தைச் சில மாதம் கழித்தும் வெட்டுங்கள். அதன்பின் அந்த வட்டத்துக்குள் தண்ணீர் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால்தான் புதுவேர் வரும்.

இந்த வட்டம் கடைசியில் தோண்டப்போகும் வட்டத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். புதுவேர் வெட்டுவாயிலிருந்து வெளியே வளர்வதால், பெயர்க்கும்போது கொஞ்சம் தள்ளித் தோண்டினால்தான் அவை தாய்மண்ணுக்குள் வரும். முதல்முறை நான் அதே கோட்டில் மண்வாரியை இறக்கி, ஓராண்டு காத்திருந்து வளர்த்த வேரையெல்லாம் ஒரே நாளில் அறுத்தெறிந்தேன். அறுபட்ட வெள்ளை வேர்கள் குழியின் சுவரில் தாடி மாதிரி தொங்கியதைப் பார்த்த பிறகுதான் செய்த முட்டாள்தனம் புரிந்தது.

தாய்மண் எவ்வளவு?

நிலத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு செ.மீ. பருமனுக்கும் 10 முதல் 12 செ.மீ. விட்டமுள்ள தாய்மண் வேண்டும். 2.5 செ.மீ. பருமனுள்ள கன்றுக்கு 30 செ.மீ. விட்டம், 25 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டால் மண் ஏறக்குறைய 18 லிட்டர் வரும். ஈரமண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ போட்டால் 27 கிலோ, ஒரு ஆள் தூக்கிவிடலாம். அதே கணக்கில் 5 செ.மீ. பருமனுக்கு 60 செ.மீ. விட்டம், 40 செ.மீ. ஆழம். 113 லிட்டர் மண், எடை 170 கிலோ! தண்டு இரண்டு மடங்கு பருத்தால் சுமை ஆறு மடங்கு ஏறுகிறது. என் பெரிய புங்கனை நாலு பேர் தூக்கினோம் என்றேனே, பாதிவழியில் மண் உதிர்ந்து பாரம் குறைந்ததால்தான் தூக்க முடிந்தது. அதன் உச்சி பட்டுப்போனதற்கும் அதுவே காரணம்.

களிமண்ணும் செம்மண்ணும் உருண்டையாகப் பிடித்து நிற்கும். மணலும் கல்லும் கலந்த நிலத்தில் தாய்மண் நிற்கவே நிற்காது. அங்கே சின்னக் கன்றாக எடுத்து, வேரை உடனே ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோவதுதான் வழி.

குழி முதலில், கன்று பிறகு

கன்றைத் தோண்டி வைத்துவிட்டுக் குழி வெட்ட ஓடுபவர்கள் நிறைய. வேரின் மெல்லிய உறிஞ்சுமுடிகள் வெயிலிலும் காற்றிலும் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆகவே புதுக்குழி தயாரான பிறகே கன்றில் கை வைக்க வேண்டும்.

இடம் தேர்வில் முழு வளர்ச்சியைக் கண்ணில் கொண்டு வாருங்கள்: மேலே மின்கம்பி, கீழே குழாய், பக்கத்தில் சுவர். நீர் வடிகிறதா என்று பார்க்க, ஒரு முழ ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு 2 அல்லது 3 செ.மீ. இறங்கினால் பரவாயில்லை. மறுநாளும் தேங்கி நின்றால் வேறு இடம் பாருங்கள், அல்லது மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

குழியின் அகலம் தாய்மண்ணைப் போல இரண்டு மூன்று மடங்கு, ஆழம் தாய்மண்ணின் உயரம் மட்டும். ஆழமாகத் தோண்டி மறுபடி மண் போட்டு நிரவினால் அந்த மண் நாளடைவில் அமுங்கும், கன்றும் அதோடு கீழே இறங்கும். அடிப்பகுதி தொடாத கெட்டிமண்ணாக இருக்கட்டும். களிமண்ணில் மண்வெட்டி பட்டுப் பளபளவென்று இழைத்த சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். இல்லையென்றால் வேர் அதைத் துளைக்காமல் தொட்டிக்குள் சுற்றுவது போலச் சுற்றும்.

குழிக்குள் எருவைக் கொட்டலாமா என்றால், நான் இப்போதெல்லாம் கொட்டுவதில்லை. குழியை மட்டும் பஞ்சு மாதிரி ஆக்கினால் சுற்றுநிலத்து நீரெல்லாம் அங்கே வந்து தேங்கும், வேரும் சொகுசு கண்டு வெளியே போக மறுக்கும். மட்கு இருந்தால் மேலே பரப்புங்கள். மழையும் மண்புழுவும் அதைக் கீழே கொண்டுபோகும். தோண்டிய அதே மண்ணைக் கட்டி உடைத்து, கல் பொறுக்கி, திருப்பிப் போடுங்கள்.

தோண்டும் நாள்

முந்தின நாளே கன்றைச் சுற்றி நன்றாக ஊறத் தண்ணீர் விடுங்கள். தண்டும் இலையும் நீர் ஏற்றிக்கொள்ளும், மண்ணும் உதிராது. அதற்காகச் சேறாக்கிவிடக் கூடாது. பரந்த கிளைகளைச் சணல் கயிற்றால் தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். பிற்பகல் வெயில் படும் பக்கத்துக் கிளையில் ஒரு துணித்துண்டு முடிந்துவிடுங்கள். புது இடத்திலும் அந்தப் பக்கமே வெயிலைப் பார்க்கட்டும். நிழல் பக்கத்துப் பட்டை மெல்லியது, திடீரென்று வெயில் பட்டால் வெடிக்கும்.

மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் வழித்தெடுத்து, தண்டு அகன்று வேராகப் பிரியும் கழுத்தைக் கண்டுபிடியுங்கள். ஆழத்தைக் கணக்கிடுவது அங்கிருந்துதான். பிறகு குறித்த வட்டத்தில் மண்வாரியின் முதுகு கன்றைப் பார்த்திருக்க, நேர்க்கீழாக இறக்கிச் சுற்றிலும் அறுங்கள். நெம்பக் கூடாது, நெம்பினால் தாய்மண் உள்ளேயே விண்டுவிடும். வெளிப்பக்கம் ஒரு வாய்க்கால் போலத் தோண்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து உருண்டையை ஒழுங்காகச் செதுக்குங்கள். விரல் பருமன் வேர் தென்பட்டால் மண்வெட்டியால் கொத்தாமல் கத்தரியாலோ ரம்பத்தாலோ சுத்தமாக வெட்டுங்கள். பிய்ந்த வேர் அழுகும், வெட்டிய வேர் துளிர்க்கும்.

கடைசியாக அடியில் சாய்வாக அறுத்து வர, ஆணிவேர் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். கன்றை மெல்ல அசைத்தால் உருண்டை மொத்தமும் சேர்ந்து ஆடும், ஆனால் வராது. அங்கே இழுத்துவிடாதீர்கள்! உருண்டையை ஒருபக்கம் லேசாகச் சாய்த்து, கையை அடியில் விட்டுத் தடவினால் ஆணிவேர் விறைப்பாக விரலில் தட்டுப்படும். ரம்பத்தை வைத்து அறுத்தால் ‘டக்’கென்று ஒரு சின்ன அதிர்வோடு கன்று விடுபடும்.

சாய்த்த நிலையிலேயே பாதி சுருட்டிய சணல் சாக்கை அடியில் செருகி, மறுபக்கம் சாய்த்து விரித்து, நாலு முனையையும் தண்டைச் சுற்றிக் கட்டுங்கள். தூக்கும்போது சாக்கைப் பிடித்துத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்துத் தூக்கினால் தாய்மண் அதன் எடையிலேயே கழன்று விழும்.

ஒரு சாண் உயரத்துக்குக் குறைந்த கன்றென்றால் இத்தனை சடங்கும் வேண்டாம். மழை பெய்த மறுநாள் குறுகலான களைக்கொட்டால் மண்ணோடு அள்ளி, நடும் இடம் தயாராக இல்லாவிட்டால் வளர்ப்புப் பையில் வையுங்கள். ஆணிவேர் பையைவிட நீளமாக இருந்தால் மடித்துத் திணிக்காமல் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மடங்கிய வேர் மடங்கியபடியே பருத்து, மரமான பிறகு காற்றில் சாய வைக்கும். பைகளை ஆறு வாரம் போல அடர்நிழலில் வைத்து, பிறகு படிப்படியாக வெயிலுக்குப் பழக்குங்கள். நிழலில் முளைத்த கன்றின் இலை நேர்வெயிலைத் தாங்காது. ஒரே நாளில் பழுப்பேறித் தீய்ந்துவிடும்.

நடுவது

குழியில் இறக்கியதும் ஒரு கம்பைக் குழியின் வாய்க்குக் குறுக்கே கிடையாகப் போட்டுப் பாருங்கள். வேர்க்கழுத்து அந்தக் கம்புக்குச் சமமாகவோ ஒரு விரல்கடை மேலாகவோ இருக்க வேண்டும், கீழே போகவே கூடாது. கழுத்துவரை மண் மூடிய மரம் உடனே சாகாது, சில ஆண்டு கழித்துப் பட்டை அழுகிச் சாகும். அப்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

துணிமுடிச்சைப் பார்த்துத் திசையைச் சரிசெய்து, சாக்கின் கட்டை அவிழுங்கள். சாக்கை உருவினால் உருண்டை உடையும் என்று தோன்றினால் அடியில் இருப்பதை விட்டுவிட்டு மேல்பாதியை மட்டும் வெட்டி எடுங்கள். சணல் மட்கிவிடும், பிளாஸ்டிக் சாக்கானால் முழுவதும் எடுத்தே ஆக வேண்டும்.

பாதிக்குழி மண் போட்டதும் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். அங்கங்கே குமிழி வெடித்து மண் ஓசையில்லாமல் இறங்கும். வேருக்கிடையே இருந்த காற்றுப்பொந்துகள் மூடுகின்றன. குமிழி நின்றபின் மீதியைப் போட்டு இன்னொரு முறை ஊற்றுங்கள். காலால் மிதித்து இறுக்கும் வேலையைத் தண்ணீரே செய்துவிடும். மிதித்தால் வேருக்கு மூச்சு முட்டும். மிஞ்சிய மண்ணில் தாய்மண்ணின் விளிம்பை ஒட்டி வட்டப்பாத்திக்குக் கரை கட்டுங்கள்.

மேலே கிளையைக் கழிக்கலாமா?

பாதி வேர் போய்விட்டது, பாதிக் கிளையையும் வெட்டினால் சமமாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. நான் அதை நம்புவதில்லை. புதுவேர் விடச் சொல்லும் சமிக்ஞை மொட்டிலிருந்தும் இளந்துளிரிலிருந்தும்தான் கீழே போகிறது, வேருக்குத் தேவையான உணவும் இலையில்தான் சமைக்கப்படுகிறது. ஒடிந்ததையும் காய்ந்ததையும் மட்டும் எடுங்கள், உச்சிக்கொழுந்தைத் தொடாதீர்கள். முழு இலையோடு, வெக்கையான நாளில் எடுக்க நேர்ந்துவிட்டால் கிளையை விட்டுவிட்டு இலைகளில் பாதியைக் கிள்ளிவிடலாம். தேக்கு போல மறுதாம்பு (வெட்டிய அடியிலிருந்து மறுதுளிர்) நன்றாக விடும் இனங்கள் விதிவிலக்கு. தேக்கின் நாற்றை வேரில் ஒரு சாணும் தண்டில் இரண்டு விரலும் மட்டும் விட்டு நறுக்கி, வெறும் குச்சியாக நடுவது காட்டிலாகாக்களின் பழைய முறை.

நட்ட பிறகு

தண்ணீரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுற்றுமண் ஈரமாக இருந்தாலும் தாய்மண் காய்ந்து கிடக்கலாம், ஏனென்றால் வேர் அத்தனையும் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. பாத்தி நனைந்திருக்கிறதே என்று விட்டால் ஏமாந்துபோவீர்கள். தண்டுக்கு நாலு விரல் தள்ளி, தாய்மண்ணுக்குள்ளேயே விரலையோ குச்சியையோ செருகிப் பாருங்கள். தண்டு 2.5 செ.மீ. பருமன் இருந்தால் ஒரு வேளைக்கு 4 முதல் 6 லிட்டர், நிதானமாக ஊறும்படி. மழையில்லாத நாளானால் முதல் இரண்டு வாரம் தினமும், மூன்று மாதம் வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதன்பின் வாரம் ஒருமுறை. களிமண்ணில் இதைக் குறைத்துக்கொள்ளுங்கள். குச்சி ஈரமாக வந்தால் அன்று ஊற்ற வேண்டாம். அன்பினால் மூழ்கடிக்கப்பட்ட கன்றுகளும் உண்டு.

சருகு, வைக்கோல், மரத்தூள் எதுவானாலும் 5 முதல் 10 செ.மீ. மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டி நாலு விரல் இடம் வெறுமையாக இருக்கட்டும். ஒரு மீட்டர் வட்டத்துக்குள் புல்லை விடாதீர்கள். புல் கண்ணுக்குச் சாது, தண்ணீர் விஷயத்தில் ஆடு மாட்டைவிட மோசமான எதிரி. ஆடு, முயல், மான் வரும் இடமென்றால் நட்ட அன்றைக்கே முள்ளோ கம்பிவலையோ சுற்றிவிடுங்கள், மறுநாள் என்று தள்ளினால் மறுநாள் கன்று இருக்காது.

ஊன்றுகோல், கன்று தானாக நிற்காவிட்டால் மட்டும். தாழ்வாக, அகலத் துணியால், தண்டு கொஞ்சம் ஆடும்படி கட்டுங்கள். காற்றில் ஆடி ஆடித்தான் அடித்தண்டு பருக்கும். ஓராண்டில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். மறந்தால் பட்டையை நெரிக்கும். முதல் ஆண்டு உரம் எதுவும் வேண்டாம்.

சில வாரங்களில் இலை வாடி உதிர்ந்தால் பதறிப் பிடுங்கிவிடாதீர்கள். மெல்லிய கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பட்டைக்கடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, வறண்டு தெரிந்தால் இன்னும் கீழே கீறுங்கள். உச்சி காய்ந்தாலும் அடியில் பச்சை இருந்தால் அந்த இடம்வரை வெட்டிவிட்டு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த பருவம் வரை பொறுங்கள். குளிர்ப் பகுதியில் தண்டின் ஒவ்வொரு 2.5 செ.மீ. பருமனுக்கும் ஏறக்குறைய ஓராண்டு ஆகும் வேர் முழுதாகப் பிடிக்க. வெப்பப் பகுதியில் அதைவிடச் சீக்கிரம். பிடித்துக்கொண்டதற்கு அடையாளம், ஒரு பருவத்தில் நுனித்தண்டு சாண் கணக்கில் நீள்வது. அதைப் பார்த்ததும் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, பாத்திக் கரையையும் உடைத்து நிரவிவிடலாம்.

கன்று நின்ற பழைய குழியையும் அன்றைக்கே மூடுங்கள், இரவில் யாராவது கால் வைத்துவிடுவார்கள். மூடினாலும் சில மாதம் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள். என் பெரிய புங்கன் நின்ற இடத்தில், நான் அறுத்துவிட்டு வந்த பக்கவேரிலிருந்து மறு மழைக்கு இரண்டு கன்றுகள் கிளம்பியிருந்தன. இந்த முறை அவற்றைப் பெயர்க்கவில்லை, வேலியைத்தான் இரண்டடி தள்ளிப் போட்டேன்.